படங்குக்குக் கீழே யார்?

இதில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு பிள்ளையின் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டியதால் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

தாழ்வுபாட்டு வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினால் வரும் ஒரு சிறிய ஊரில் பதினான்கு வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். கத்தோலிக்கக் கோவில் வளவுக்குள் அரைச் சுவர் வைத்த ஒரு மண்டபம், இருபத்திரண்டு பிள்ளைகள், நான் ஒருத்தி. காலையில் செபம், பிறகு பாட்டு, பிறகு அ, ஆ, பிறகு கஞ்சி, அதன் பிறகு வீடு. அதைத்தான் நானும் சின்ன வயதில் படித்தேன். அதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

ஒரு வருடம் தைமாதம் எங்களைப் பட்டினத்துக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். மூன்று நாள். மதியச் சாப்பாடும் பஸ் காசும் தருவதாகச் சொன்னதால் எல்லா ஊர் முன்பள்ளி ஆசிரியைகளும் வந்திருந்தோம். முசலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். பயிற்சி தந்தவர் ஓர் இளம் பெண். எங்களை வட்டமாக இருத்திவிட்டு ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு மூடிய கதவு. கீழே ஒரு வரி: கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

எங்களுக்குப் பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

“இதுக்குச் சரியான விடை எண்டு ஒண்டு இல்லை, டீச்சர்மார். உங்களுக்கு விடை தெரிஞ்ச கேள்வியை இனிப் பிள்ளையளிட்டக் கேளாதேங்கோ” என்றார் அவர்.

“அப்ப என்னத்தைத்தான் கேக்கிறது?” என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

எங்கள் பள்ளிக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் கிடைத்தன. தடித்த மட்டை, பக்கம் முழுக்கப் படம். கதை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு கேள்வி மட்டும். பிள்ளை சொல்வதைத் திருத்தாமல், அது சொன்ன சொல்லிலேயே பெரிய வெள்ளைத் தாளில் எழுதி, பிள்ளையின் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அதுதான் முறை. தன் சொல் சுவரில் இருப்பதைக் கண்ட பிள்ளை இன்னும் சொல்லும் என்றார்கள்.

அது உண்மைதான். முதல் இரண்டு கிழமை கேள்வியைக் கேட்டால் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று தேடினார்கள். மூன்றாம் கிழமை ஒரு பிள்ளை அந்தக் கதவைப் பார்த்து, “பின்னால காத்து நிக்குது. உள்ள வந்தா மணல் வரும், அம்மா ஏசுவா எண்டு வராமல் நிக்குது” என்றது. நான் அதை எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டியதும் அந்தப் பிள்ளை எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தது. அன்றைக்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அரைச் சுவருக்கு மேலால் மணல் வந்து தாள்களைக் கிழிக்கும். நான் திரும்ப எழுதி ஒட்டுவேன். வீட்டில் சமைக்கும்போதுகூடப் பிள்ளைகள் சொன்னவை நினைவுக்கு வந்து தனியே சிரித்திருக்கிறேன். எனக்கு இப்போது வயது நாற்பத்தொன்று. என் தொழிலை நான் விரும்பியது அந்த ஆறு ஏழு மாதம்தான்.

இனி அந்தப் பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலரை வயது. வந்து மூன்று மாதமாகியும் ஒரு சொல் பேசவில்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சட்டைக் கழுத்தைச் சப்பிக்கொண்டிருப்பாள். பேச்சு வராத பிள்ளையோ என்றுகூட நினைத்தேன். தகப்பன் கடற்றொழில், ஒரு சின்னப் படகும் இயந்திரமும் சொந்தமாக வைத்திருந்தார். தாய் அமைதியான பெண், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால் வேலியோடு நிற்பார், உள்ளே வரமாட்டார். கைக்குழந்தையாக ஒரு தம்பியும் இருந்தான்.

ஒருநாள் கழுதைப் புத்தகத்தை விரித்தேன். முன்னங்கால் இரண்டிலும் சப்பாத்துப் போட்ட கழுதை ஒன்று வீதியில் நடந்து போகிறது. கழுதை எங்கே போகிறது? மற்றப் பிள்ளைகள் கலியாணவீட்டுக்கு, கோவிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“சப்பாத்தைத் திருப்பிக் குடுக்கப் போகுது.”

நான் திரும்பிப் பார்க்காமல், சாதாரணமாகக் கேட்பது போல, “ஆரிட்ட, மகள்?” என்றேன்.

“கடைக்காரரிட்ட. அதுக்கு நாலு கால். அவர் ரெண்டுதான் குடுத்தவர்.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது நீதி சம்பந்தப்பட்ட விஷயம். நான் அதை எழுதி, கீழே அவள் பெயரைப் பெரிதாக எழுதி, நடுச் சுவரில் ஒட்டினேன். அன்று தாய் வந்தபோது, “உங்கட மகள் கதைச்சவ” என்று சொன்னேன். தாய் முதல் தடவையாக உள்ளே வந்து சுவரின் முன்னால் நின்று, விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உள்ளே வருவார்.

அந்த வருடந்தான் எல்லாம் தட்டுப்பாடாகிப் போனது. படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. படகுகள் கரையில் ஏறின. முதலில் இரண்டு நாள், பிறகு இரண்டு கிழமை, பிறகு நாள் எண்ணுவதை விட்டுவிட்டோம். விடியற்காலையில் எண்ணெய்க் கான்களோடு வரிசையில் நிற்கும் ஆண்கள் மத்தியானம் வெறும் கான்களோடு திரும்பி வருவார்கள். பால்மா கடையில் இல்லை. பள்ளிக் கஞ்சிக்கு வந்த பயறும் நின்றது. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்கே சுருண்டு படுப்பார்கள். நான் வீட்டிலிருந்து அரிசி கொண்டுபோய் உப்புக் கஞ்சி வைத்தேன், அதுவும் எல்லா நாளும் இல்லை.

சில வீடுகள் பூட்டிக் கிடக்கத் தொடங்கின. ஒரு திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகள் வரவில்லை. “எங்க அவை?” என்று பிள்ளைகளிடம் கேட்டேன். “அவை போட்டினம்” என்றார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் கடலுக்கு அங்காலே இந்தியா இருக்கிறது. படகில் போய் அகதியாக இறங்கினால் முகாமில் சோறாவது கிடைக்கும் என்று பேச்சு. யார் போகிறார்கள், யாருடைய படகு, என்றைக்கு என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஆனால் ஒருவரும் ஒருவரையும் கேட்க மாட்டார்கள். போகிறவர்களுக்கு ஊர் செய்யக்கூடிய உதவி அது ஒன்றுதான்.

இது எனக்குத் தெரியாத பழக்கம் இல்லை. போர்க்காலத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்டவர்கள் எப்போதும் சீருடை போட்டவர்கள்தான். அண்ணன் எங்கே, அப்பா எங்கே, பக்கத்து வீட்டில் யார் வந்து போகிறார்கள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா எனக்கு முதன்முதலாகச் சொல்லித்தந்த சிங்களம் ‘தன்னே நே’. தெரியாது என்று அர்த்தம். ஆர் கேட்டாலும், என்ன கேட்டாலும் இதைச் சொல் என்றார். அப்படி வளர்ந்த நான்தான் இருபத்திரண்டு பிள்ளைகளை வட்டமாக இருத்தி, மனதில் உள்ளதை எல்லாம் சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தேன். அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று எனக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. சமாதான காலத்துக் கேள்வி வேறு என்று நினைத்திருந்தேன் போல.

ஒரு புதன்கிழமை, மிச்சமிருந்த புத்தகங்களில் ஒன்றை எடுத்தேன். படகுப் புத்தகம். முதல் பக்கத்தில் கரையில் ஒரு நீலப் படகு. இரண்டாம் பக்கத்தில் அதே படகு கடலில் போகிறது. படகின் மேலே மழைக்கு மூடுகிற ஒரு படங்கு விரித்திருக்கிறது, அதற்குக் கீழே மேடும் பள்ளமுமாக ஏதோ இருக்கிறது. கேள்வி இதுதான்: படங்குக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? அவர்கள் எங்கே போகிறார்கள்?

பிள்ளைகள் பசியில் இருந்தார்கள். ஒருவன் “மீன்” என்றான். இன்னொருத்தி “அரிசி மூட்டை” என்றாள். அந்தக் குடத்தடிப் பிள்ளை எழுந்து என் மடியோடு வந்து நின்று, படத்தில் ஒவ்வொரு மேடாக விரலை வைத்துச் சொல்லத் தொடங்கினாள். நான் எழுதினேன். எழுதியது இது:

“இது நான். இது அம்மா. இது தம்பி. அப்பா மற்றப் பக்கம். இன்னும் ரெண்டு வீட்டு ஆக்கள் இருக்கினம். ஒரு பைதான் கொண்டுபோகலாம். என்ர பொம்மைக்கு இடமில்லை. தம்பிக்குப் பாணி மருந்து குடுப்பினம், அவன் நித்திரை கொள்ளுவான், அழமாட்டான். நான் பெரிய பிள்ளை, எனக்கு மருந்து வேண்டாம். அங்க போனா இட்டலி இருக்குதாம். திருநாளுக்கு முன்னம் போயிடுவம்.”

பாணி மருந்து என்று அவள் சொன்ன இடத்தில் என் கை நின்றது. அதை மறைக்க மாட்டேன். இட்டலியை ஒரு பிள்ளை கற்பனை செய்யலாம். கைக்குழந்தை அழாமல் இருக்க மருந்து கொடுப்பதை நாலரை வயதுப் பிள்ளை தானாக யோசிக்காது. எனக்கு அது விளங்கியது. விளங்கியும் எழுதினேன். ஏனென்றால் வெள்ளிக்கிழமை, புத்தகங்கள் தந்த திட்டத்திலிருந்து, எங்களுக்குப் பயிற்சி தந்த அந்த இளம் அதிகாரி வருவதாக இருந்தது. அந்தச் சுவரில் அதுவரை இருந்தவை ஒரு வரி, இரண்டு வரி. இது பத்து வரி. நாலரை வயதில் ஒரு பிள்ளை இவ்வளவு கோர்வையாகச் சொல்கிறது என்று காட்ட ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். பெயரையும் எழுதி ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் இல்லாததால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, வீதியிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தபடியே சுவரைப் பார்த்தவர் அந்தத் தாளின் முன்னால் நின்றுவிட்டார்.

“டீச்சர், நான் போற ஒரு இடத்திலையும் இப்படி ஒரு கற்பனையைக் காணேல்லை” என்றார்.

அது கற்பனை இல்லை என்று நான் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அவர் கைபேசியில் படம் எடுத்தார். தாளைத் தனியே, பிள்ளையைத் தாளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிறகு என்னையும் சேர்த்து. மாவட்டத்து ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் அங்கேயே நின்று போட்டார். எங்கள் பள்ளித் தாய்மாரின் குழுவிலும் போடச் சொன்னார். நானும் போட்டேன். நல்ல பெண் அவர். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு விளங்க வழியில்லை, அவர் உள்நாட்டு வயல் ஊர்க்காரி. பெரியமடுப் பக்கம். கடலைப் படத்திலும் பட்டினத்துப் பாலத்திலிருந்தும்தான் பார்த்திருப்பார்.

பதினொன்றரைக்குத் தாய் வந்தார். இடுப்பில் குழந்தை. வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு சுவரடிக்குப் போய் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் வரியில் விரல் நின்றது. பிறகு விரல் இல்லாமலே கடைசிவரை வாசித்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“இதைக் கழட்டித் தருவீங்களா, டீச்சர்.”

கழற்றிக் கொடுத்தேன். நாலாய் மடித்து, இன்னும் நாலாய் மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். மகளின் கையைப் பிடித்தார். வாசலில் நின்று, “ஆராவது பாத்தவையோ?” என்று கேட்டார்.

நான் கைபேசியைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதுதான் நான் செய்தது முழுதாக எனக்கே விளங்கியது. அவர் ஏசவில்லை. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். பிள்ளை இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைகாட்டினாள்.

அதிகாரியைக் கைபேசியில் அழைத்து அழிக்கச் சொன்னேன். “ஏன் டீச்சர், எல்லாரும் நல்லாயிருக்கெண்டு போட்டிருக்கினம்” என்றார். தாய்க்கு விருப்பமில்லை என்று மட்டும் சொன்னேன். அழித்தார். நானும் அழித்தேன். அதற்கிடையில் எத்தனை கைகளுக்குப் போயிருந்தது என்று யாருக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என்னிடம் வந்து, “என்ன டீச்சர், உங்கட பள்ளிக்கூடத்தில எல்லாம் படிப்பிக்கிறியள் போல” என்றுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை சிவில் உடுப்பில் இரண்டு பேர் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, மரியாதையாகத்தான் பேசினார்களாம். எங்கே போவதாக இருக்கிறீர்கள், யாருடைய படகு, மற்ற இரண்டு வீடு எது. தகப்பன் ஒன்றும் தெரியாது என்றே சொல்லியிருக்கிறார். அவர்கள் போனதும் கூட்டிப்போவதாக இருந்த படகுக்காரர் ஆளனுப்பி, தான் வரவில்லை, தன் பெயரை எடுக்க வேண்டாம் என்றாராம். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்களா, யாராவது போய்ச் சொன்னார்களா, இல்லை வேறு வழியில் தெரிந்ததா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தாலும் சொல்லமாட்டார்கள்.

அதற்குள் தகப்பன் படகையும் இயந்திரத்தையும் விற்றுவிட்டிருந்தார். போவதென்று முடிவெடுத்து, கூட்டிப்போகிறவருக்குக் கொடுக்கும் காசுக்காக விற்றது. இனிப் போகாமலிருக்க அவர்களுக்கு வழியில்லை. மற்ற இரண்டு வீடும் விலகிக்கொண்டன. பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றது. நான் இரண்டு தரம் அந்த வீட்டுப் படலைவரை போனேன். ஒரு தரம் அடுப்புப் புகை வந்தது, ஆனாலும் கூப்பிட்டதற்கு ஒருவரும் வெளியே வரவில்லை.

கோவில் திருநாள் முடிந்து ஒரு மாதமிருக்கும், அவர்கள் தெரியாத ஒரு படகுக்காரரோடு போனார்கள். அதைத் தாய்தான் பிறகு எனக்குச் சொன்னார். கடலுக்கு நடுவே மணல்திட்டுகள் இருக்கின்றன, நாங்கள் தீடை என்போம். படகுக்காரர் அவர்களை ஒரு தீடையில் இறக்கி, இதுதான் இந்தியா, விடிந்ததும் ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். விடிந்ததும் பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். ஒரு செடி இல்லை. அது இலங்கைப் பக்கத்துத் தீடை. கொண்டுபோன தண்ணீர் ஒரு போத்தல். பகல் முழுக்கத் தகப்பன் தான் உடுத்திருந்த சாரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் நிழலில் மற்ற மூன்று பேரும் இருந்திருக்கிறார்கள். குழந்தைக்கு மருந்து மயக்கம் தெளியவே இல்லை. தகப்பன் கையால் குழந்தையின் கன்னத்தில் தட்டித் தட்டி, “அழடா, அழடா” என்றாராம். பொழுது சாயும் நேரத்தில் கடற்படைப் படகு ஒன்று கண்டு ஏற்றிக்கொண்டு வந்தது.

குழந்தை பிழைத்தான். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை இருந்தார்கள். தாயையும் பிள்ளைகளையும் நீதிமன்றம் வீட்டுக்கு விட்டது. தகப்பனை விசாரணை முடியும்வரை சிறையில், விளக்கமறியலில் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் பைக்கற்றும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுபோனேன், வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. தாய் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். முகத்தில் தோல் உரிந்திருந்தது. பிள்ளை கட்டிலுக்குக் கீழே, சீமெந்துத் தரையில் சேலைத்துண்டில் படுத்திருந்தாள்.

“என்னாலதான்” என்று நான் தொடங்கினேன்.

தாய் குழந்தையின் காலை நீவிக்கொண்டே பேசினார். “நீங்கள் கேட்டனீங்கள், அவள் சொன்னவள். அவளுக்கு முன்னால நாங்கள் கதைச்சது எங்கட பிழை. சின்னப் பிள்ளைதானே, விளங்காது எண்டு நினைச்சிட்டம்.”

பிறகு, “நாங்கள் வீட்ட போனதும் அவளைப் பள்ளிக்கு விடுறன். விடாமல் என்ன செய்யிறது. ஆனா ஒண்டு, டீச்சர். இனி அவளிட்ட ஒண்டும் கேளாதேங்கோ. அ, ஆ படிப்பியுங்கோ. போதும்” என்றார்.

ஓம் என்றேன்.

அவள் திரும்பி வந்தாள். குடத்தடியில் இருக்கவில்லை, நான் இருத்திய இடத்தில் இருந்தாள். சட்டைக் கழுத்தையும் சப்பவில்லை. எதையாவது கேட்டால், “தெரியாது டீச்சர்” என்றாள். சாப்பிட்டாயா என்றாலும் தெரியாது. தம்பி எப்படி என்றாலும் தெரியாது. அவளுக்குத் தாய் சொல்லிக்கொடுத்திருந்தார் என்று விளங்கியது. ஏழு வயதில் நான் படித்ததை அவள் ஐந்து வயதுக்கு முன்னமே படித்துவிட்டாள்.

அவள் மட்டும் இல்லை. ஊரில் எல்லாத் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். ஒருநாள் மனம் கேட்காமல், ஆபத்தே இல்லாத புத்தகம் என்று ஒன்றை எடுத்தேன். ஒரு பூனை மரத்தில் ஏறி நிற்கிறது. பூனை எதைப் பார்க்கிறது? பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள். கண்கள் ஓடின. அவர்களுக்குள் ஏதோ வருவது எனக்குத் தெரிந்தது. பிறகு ஒருவன், “தெரியாது டீச்சர்” என்றான். அதைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் இலேசாகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக அதையே சொன்னார்கள், பாட்டுப் போல. நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கரும்பலகையில் எழுத்துகளை எழுதினேன். பிள்ளைகள் சத்தமாக வாசித்தார்கள். வேலியோடு நின்ற இரண்டு தாய்மார் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள்.

அதிகாரி அடுத்த முறை வந்தபோது சுவர் வெறுமையாக இருந்தது. நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“என்ன நடந்தது, டீச்சர்? பிள்ளையள் முந்தி எவ்வளவு நல்லாக் கதைச்சதுகள்.”

சொல்லியிருக்கலாம். அவர் அழுதிருப்பார், அந்தப் படத்தை எடுத்தது தன் கை என்று வருந்தியிருப்பார். பிறகு யாரிடமாவது சொல்லியிருப்பார். அது ஓர் அறிக்கையில் போயிருக்கும். நான், “தெரியாது மிஸ்” என்றேன். அவர் படிவத்தில் என்னவோ எழுதினார். அந்த வருடக் கடைசியில் திட்டம் முடிந்தது. புத்தகங்களை எங்களிடமே விட்டுப் போனார்கள்.

தகப்பன் விளக்கமறியலிலிருந்து வந்து சில மாதம் அடுத்தவர்களின் படகில் கூலிக்குப் போனார். சொந்தப் படகு வைத்திருந்த மனிதர், கூலிக்குப் போகும்போது ஒருவரோடும் பேசமாட்டார் என்றார்கள். அடுத்த வருடம் சோளகம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் குடும்பத்தை விட்டுவிட்டு, வேறு இருவரோடு படகில் இந்தியாவுக்குப் போய்விட்டார். போய்ச் சேர்ந்து, வேலை தேடி, பிறகு இவர்களைக் கூப்பிடுவதாகத் திட்டம். போய்ச் சேர்ந்ததாகச் செய்தி இல்லை. பிடிபட்டதாகவும் இல்லை. அவரோடு போன மற்ற இருவரைப் பற்றியும் ஒன்றும் இல்லை. முதல் வருடம் தாய் பங்குத்தந்தையிடம் போனார், அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போனார், முகாமிலிருக்கும் உறவினருக்கு ஆள்மூலம் படம் அனுப்பினார். இப்போது போவதில்லை. கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறார். கணவருக்காக ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்க முடியாது. உயிரோடு இருப்பவருக்கா, செத்தவருக்கா, எந்தக் கருத்துக்கு என்று கோவிலில் எழுதிக் கொடுப்பது?

நானும் முன்பள்ளியை விட்டுவிட்டேன். அதிகமான தாய்மார் பட்டினத்தில் ஆங்கிலம் சொல்லித்தரும் இடத்துக்குப் பிள்ளைகளை மாற்றினார்கள். கடைசியில் ஏழு பேர் மிஞ்சினார்கள், மண்டபத்தைப் பூட்டினோம். இப்போது பின்னேரத்தில் வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடப் புத்தகத்தில் உள்ளதை மட்டும்.

போன மாதம் அந்தத் தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை மூன்றாம் வகுப்பு. வளர்ந்திருந்தாள், தலைமயிரை இரண்டாகப் பின்னி மடித்துக் கட்டியிருந்தாள். தவணைப் பரீட்சையில் வகுப்பில் இரண்டாம் இடமாம். இரண்டு வருடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, இப்போதிருந்தே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வந்திருந்தார். கொப்பிகளைக் காட்டச் சொன்னேன். பிள்ளை பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி வைத்தாள். ஒரு மடிப்பு இல்லை, ஓர் அழிப்பு இல்லை.

தமிழ்க் கொப்பியில் ‘எனது குடும்பம்’ என்று பத்து வசனம் இருந்தது. ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட, வகுப்பு முழுக்கப் பார்த்து எழுதி, பாடமாக்கி, பரீட்சையிலும் அதையே எழுதுவது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கொப்பியில் இருந்தது இது: எங்கள் குடும்பம் அழகிய குடும்பம் ஆகும். எங்கள் குடும்பத்தில் நால்வர் இருக்கிறோம். எனது தந்தை ஒரு மீனவர். அவர் தினமும் கடலுக்குச் செல்வார். மாலையில் எமக்கு இனிப்புப் பண்டங்கள் வாங்கி வருவார்.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தது. கீழே பத்துக்குப் பத்து.

நான் தாயைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே வாசித்திருந்தார். “ஒரு எழுத்துப் பிழையும் இல்லை, டீச்சர்” என்றார்.

“நல்ல எழுத்து” என்றேன்.

பிள்ளை கொப்பியை வாங்கி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து மூன்று மணிக்கு வரச் சொன்னேன்.